பின்னல் உறையிட்ட பெட்ரோல் ஹோஸை எஞ்சினில் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்புரேட்டரை மாற்றியவர்கள், இன்ஜெக்ஷனுக்கு மாறியவர்கள், வெடித்துப்போன பழைய ரப்பர் குழாயைத் தூக்கி எறிந்துவிட்டுப் பின்னல் ஹோஸ் (மேலே எஃகுக் கம்பியிழைப் பின்னல் போட்ட குழாய்) போட வந்தவர்கள் என யார் பேசினாலும் சந்தேகங்கள் ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். மேலிருந்து கீழாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல்தான் நிற்கின்றன.

என்னைக் கேட்டால் இந்த வேலை முழுவதும் ஒரே கேள்விக்குள் அடங்கிவிடும்: இந்த இணைப்பில் பெட்ரோலைத் தடுத்து நிறுத்துவது எந்த இடம்? அதற்கு விடை தெரியும்வரை ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள்.

சாதாரண ரப்பர் ஹோஸும் ஒரு கிளிப்பும் போதாதா? பின்னல் ஹோஸ் கட்டாயமா?

கார்புரேட்டர் எஞ்சினில் பெட்ரோலின் அழுத்தம் 7 பி.எஸ்.ஐ.யைத் தாண்டுவது அரிது. அதற்கு நல்ல ரப்பர் ஹோஸும் சரியான கிளிப்பும் தாராளமாகப் போதும். இன்ஜெக்ஷன் எஞ்சினின் கதை வேறு. அங்கே பல வண்டிகளில் 3 பார், அதாவது சுமார் 43 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் பெட்ரோல் சொட்டாது, பீய்ச்சும். பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் குழாய் கொதித்துக்கொண்டிருக்கும்.

பின்னல் உறை இரண்டு வேலை செய்கிறது. அழுத்தத்தில் ஹோஸ் உப்பாமல் பிடித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் உராய்வைத் தாங்குகிறது. பெட்ரோலைத் தடுப்பது பின்னல் அல்ல, அதற்குள் இருக்கும் ரப்பர் அல்லது டெஃப்லான் குழாய்தான். மேலே எவ்வளவு பளபளத்தாலும் உள்குழாய் கெட்டால் ஹோஸ் கெட்டதுதான்.

ஏ.என்.-6, ஏ.என்.-8 என்கிறார்களே, அந்த எண் எதைக் குறிக்கிறது?

ஏ.என். என்பது அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் விமானங்களுக்காகச் சேர்ந்து வகுத்த அளவு முறை. ‘ஆர்மி’, ‘நேவி’ என்ற சொற்களின் முதலெழுத்துகள்தான் அவை. பின்னால் வரும் எண்ணை 16ஆல் வகுத்தால் அங்குலத்தில் ஓர் அளவு கிடைக்கும். ஏ.என்.-6 என்றால் 6/16, அதாவது 3/8 அங்குலம். ஏ.என்.-8 என்றால் அரை அங்குலம். இது ஹோஸின் உள்துளை அளவோ மரையின் அளவோ அல்ல. அந்த ஃபிட்டிங்கோடு, அதாவது முனையில் மாட்டும் இணைப்புப் பாகத்தோடு, சேரும் உலோகக் குழாயின் வெளிவிட்டம்.

மரை தனி. ஏ.என்.-6க்கு 9/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 18 மரை. ஏ.என்.-8க்கு 3/4 அங்குலம், 16 மரை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 9/16 அங்குலம் என்பது 14.29 மி.மீ. வெர்னியரில் பார்த்துவிட்டு ‘இது எம்14தான்’, அதாவது 14 மி.மீ. மெட்ரிக் மரைதான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எம்14×1.5 மரையை ஏ.என்.-6 நட்டுக்குள் விட்டால் ஓரிரு சுற்று தொளதொளவென்று போகும், பிறகு பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பை ‘இறுகிவிட்டது’ என்று நம்பி ஸ்பேனர் போட்டால் அலுமினிய மரை போய்விடும். மரை அளவுகோல் ஒன்றைக் கருவிப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். விட்டத்தோடு மரையின் நெருக்கத்தையும் பார்த்தால்தான் பாதி வேலை முடிந்ததாகப் பொருள்.

மரையில் டெஃப்லான் டேப் சுற்றலாமா?

என்னிடம் அதிகம் வருவது இந்தக் கேள்விதான். விடை, முதலில் கேட்ட கேள்வியிலேயே இருக்கிறது: எந்த இடம் அடைக்கிறது?

ஏ.என். இணைப்பில் 37 டிகிரி சரிவுள்ள கூம்பு இருக்கும். அந்தக் கூம்பின் முகம் எதிரிலுள்ள குழிவான முகத்தில் உட்காருவதுதான் அடைப்பு. மரை அந்த இரண்டு முகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் கை மட்டுமே. அங்கே டேப் சுற்றினால் எதையும் அடைக்காது. கூம்பு சரியாக உட்காராமல் தடுக்கும். பிய்ந்த இழை உள்ளே போனால் இன்ஜெக்டரின் நுண்துளையில் போய் நிற்கும். ஓ-ரிங் வைத்த ஃபிட்டிங்கில் அடைப்பது அந்த வளையம், தாமிரம் அல்லது அலுமினிய வாஷர் வைத்ததில் அடைப்பது அந்த வாஷர். இந்த மூன்றுக்கும் டேப் கூடாது. கூம்பு ஃபிட்டிங்கின் மரையில் ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் போதும்.

என்.பி.டி. என்ற அமெரிக்கக் குழாய்க் கூம்பு மரை மட்டும் விதிவிலக்கு. அது நுனியில் மெலிந்து அடியில் தடித்திருக்கும். அங்கே மரையேதான் அடைக்க வேண்டும். ஆகவே அதற்குப் பூச்சு வேண்டும். பெட்ரோலைத் தாங்கும் என்று எழுதியிருக்கும் பசையைத் தேர்ந்தெடுங்கள். நுனியிலுள்ள இரண்டு மரைகளை வெறுமையாக விட்டுவிட்டுப் பின்னாலிருந்து பூசுங்கள். ஒரே அடாப்டரில் ஒரு பக்கம் என்.பி.டி.யும் மறுபக்கம் ஏ.என்.னும் இருப்பது வழக்கம். ஒரு பக்கத்துக்குப் பசை, மறுபக்கத்துக்கு எண்ணெய். இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

கால் அங்குல என்.பி.டி. துளையில் கால் அங்குல பி.எஸ்.பி. போகிறதே, விட்டுவிடலாமா?

விடக்கூடாது. என்.பி.டி.யில் அங்குலத்துக்கு 18 மரை, மரையின் கோணம் 60 டிகிரி. பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் குழாய் மரையில் 19 மரை, 55 டிகிரி. தொடக்கத்தில் இணங்குவதுபோல் காட்டி உள்ளே போகப்போக இரண்டும் ஒன்றையொன்று தின்னும். எவ்வளவு பசை பூசினாலும் அது பெட்ரோலுக்கு நம்பகமான இணைப்பு ஆகாது.

கூம்புக்குக் கூம்பு பொருந்துகிறது. 37 டிகிரி, 45 டிகிரி என்றெல்லாம் பார்க்க வேண்டுமா?

வேண்டும். வண்டிகளில் பயன்படும் இன்னொரு கூம்பு வகைக்கு 45 டிகிரி சரிவு. சில அளவுகளில் இரண்டுக்கும் மரை ஒன்றே. அரை அங்குலக் குழாய்க்கு இரண்டிலும் 3/4 அங்குலம், 16 மரை. ஆகவே நட் கடைசிவரை ஏறிவிடும், ஆனால் முகத்தோடு முகம் சேராமல் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொடும். புதிதில் கசியாமல்கூட இருக்கலாம். எஞ்சின் சில நாள் அதிர்ந்த பிறகு கசியும். வாங்கும்போதே எது 37, எது 45 என்று கேட்டு வாங்குங்கள்.

உள்ளே ரப்பர் உள்ள ஹோஸ் வாங்குவதா, டெஃப்லான் உள்ளதா?

ரப்பர் வகை வளைக்க எளிது, பொருத்த எளிது, விலையும் குறைவு. குறை என்னவென்றால் பெட்ரோல் ஆவி ரப்பரின் ஊடாக மெல்ல வெளியேறும். எத்தனால் கலந்த பெட்ரோலில் அதற்கென்று தயாரிக்காத ரப்பர் விரைவில் கெட்டிப்பட்டு விரிசல் விடும். பின்னலுக்குள் நடப்பதால் கண்ணுக்கும் தெரியாது.

டெஃப்லான் எத்தனாலுக்கு அசையாது, வாசனையையும் கிட்டத்தட்ட முழுவதும் அடைத்துவிடும். ஆனால் கூர்மையாக வளைத்தால் மடிந்துவிடும். மடிந்த இடம் மறுபடி நிமிர்ந்து தேறாது, அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டியதுதான். பெட்ரோலுக்கு வாங்கும்போது உட்சுவரில் கார்பன் கலந்த, மின்சாரத்தைக் கடத்தும் வகையாகக் கேளுங்கள். பெட்ரோல் வேகமாக ஓடும்போது வெள்ளை டெஃப்லானில் நிலைமின்சாரம் சேர்ந்து, பொறி பறந்து குழாய்ச் சுவரையே துளைக்கக்கூடும். கார்பன் கலந்த உட்சுவர் கறுப்பாக இருக்கும்.

என் தேர்வு: இன்ஜெக்ஷன் என்றாலோ எத்தனால் கலந்த பெட்ரோல் என்றாலோ டெஃப்லான். இரண்டு வகைக்கும் ஃபிட்டிங் வேறு வேறு. ஒன்றின் ஃபிட்டிங்கில் மற்றொன்றின் ஹோஸைச் செருகினால் உள்ளே போகலாம், பிடிப்பு இருக்காது.

வெட்டும்போது பின்னல் விரிந்து துடைப்பம் மாதிரி ஆகிவிடுகிறது. எப்படித்தான் வெட்டுவது?

வெட்டும் இடத்தைச் சுற்றி மூன்று நான்கு சுற்று டேப்பை நன்றாக இழுத்து ஒட்டுங்கள். டேப்பின் நடுவில் கோடு போட்டு அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள். மெல்லிய வெட்டுச் சக்கரம் மாட்டிய கிரைண்டர் சிறந்தது. இல்லையென்றால் அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹாக்சா பிளேடு, அதுவும் புதியது. ஹோஸில் பெட்ரோல் இருந்திருந்தால் கிரைண்டரை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

வெட்டு நேராக, ஹோஸுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்த வெட்டில் ஒரு பக்கம் முழுதாக உட்காரும், மறுபக்கம் குறையும். பிறகு டேப்பை அப்படியே விட்டுவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியிழைகளைக் கத்தரியுங்கள். முடியைவிட மெலிந்த அந்த இழை கட்டைவிரல் நகத்தடியில் ஏறினால் இரண்டு நாளைக்கு எந்த வேலையும் ஓடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாகக் காற்றடித்து, உள்ளே ஒரு துணியை இழுத்து, ரப்பர்த் தூளையும் உலோகப் பொடியையும் வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் அத்தனையும் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் இன்ஜெக்டருக்குத்தான் போய்ச் சேரும்.

சாக்கெட்டுக்குள் ஹோஸ் போகமாட்டேன் என்கிறது. போனாலும் சரியாகப் போயிற்றா என்று தெரியவில்லை.

இந்த ஃபிட்டிங்கில் இரண்டு பாகங்கள் உண்டு. வெளியே இருக்கும் கூடு சாக்கெட். உள்ளே திருகிப்போகும் பாகம் நிப்பிள். ஹோஸ் இரண்டுக்கும் நடுவில் நசுங்கிப் பிடிபடுகிறது. சாக்கெட்டைக் கையில் பிடித்து, ஹோஸை இடப்பக்கமாகத் திருகிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். டேப்போடு போகவில்லை என்றால் டேப்பை ஒரே சுற்றாகக் குறையுங்கள். சாக்கெட்டின் மறுபக்கத்தில் எட்டிப் பாருங்கள்: ஹோஸின் முனை உள்மரைக்குச் சுமார் 1.5 மி.மீ. கீழே நிற்க வேண்டும். ஓரிழைகூட மரையில் மாட்டியிருக்கக் கூடாது.

அடுத்த படி சின்னது, பலர் விட்டுவிடுவது. சாக்கெட்டின் வாய் முடியும் இடத்தில், ஹோஸின் மேல் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். நிப்பிளைத் திருகும்போது அது ஹோஸைப் பின்னுக்குத் தள்ளப் பார்க்கும். கோடு 1.5 மி.மீ.க்கு மேல் வெளியே வந்திருந்தால் உள்ளே பிடிப்பு குறைந்துவிட்டது என்று பொருள். கழற்றி மறுபடி செய்யுங்கள். அந்தக் கோடு இல்லாவிட்டால் இது யாருக்கும் தெரியவராது.

சாக்கெட்டை மென்மையான அலுமினியத் தாடை வைத்த வைஸில் பிடியுங்கள். நிப்பிளின் மரைக்கும் ஹோஸின் உட்புறத்துக்கும் மெல்லிய எண்ணெய் தடவி, நேராகத் தொடங்கிக் கையால் முடிந்தவரை திருகுங்கள், பிறகு ஸ்பேனர். நிப்பிளின் அறுகோணத்துக்கும் சாக்கெட்டுக்கும் இடையில் 1 மி.மீ. அளவு இடைவெளி வரும்போது நிறுத்துங்கள்.

டெஃப்லான் ஹோஸுக்கும் இதே முறைதானா?

வெட்டுவது அதே மாதிரிதான், பொருத்துவது வேறு. முதலில் சாக்கெட்டை ஹோஸின் மேல் ஏற்றிப் பின்னுக்குத் தள்ளிவையுங்கள். முனையில் பின்னலைச் சற்று விரித்து, ஆலிவ் என்ற சிறிய உலோக வளையத்தைப் பின்னலுக்கு அடியில், டெஃப்லான் குழாயின் மேல் ஏற்றுங்கள். குழாயின் முனை ஆலிவின் உள்விளிம்பில் முட்டி நிற்க வேண்டும். பிறகு நிப்பிளைக் குழாய்க்குள் செலுத்தி, சாக்கெட்டை முன்னுக்குக் கொண்டுவந்து திருகுங்கள். ஒரு கம்பியிழை டெஃப்லானுக்கும் ஆலிவுக்கும் நடுவில் மாட்டினால் கசிவு நிச்சயம். நல்ல வெளிச்சத்தில் சுற்றிலும் பார்த்துவிட்டே நிப்பிளைத் தொடுங்கள்.

ஹோஸ் கிளிப்பை மறைக்கும் வண்ண மூடிகள் விற்கிறார்கள். அவையும் ஏ.என். மாதிரிதானே இருக்கின்றன?

பார்க்க மட்டும். உள்ளே இருப்பது திருகுக் கிளிப்தான். அது பின்னலின் மேல் சீராக அழுத்தாது. இன்ஜெக்ஷன் அழுத்தத்தில் அதை நம்பவே கூடாது.

எஞ்சினில் பழைய குழாயைக் கழற்றும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?

எஞ்சின் நன்றாக ஆறட்டும். இன்ஜெக்ஷன் என்றால் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். குழாயில் மிச்சமிருப்பதைக் குடித்துவிட்டு அதுவே நின்றுவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இணைப்பைத் தளர்த்தும்போது கொஞ்சம் வரும்; கீழே துணி வைத்து, மெல்லத் தளர்த்துங்கள்.

பெட்ரோல் உறைநிலைக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, அறையின் மூலையிலிருக்கும் ஹீட்டர் வரை போகும். கதவுகளைத் திறந்துவையுங்கள். கண்ணாடிக் குமிழ் விளக்கு வேண்டாம். உலர் பொடித் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

எவ்வளவு இறுக்குவது? விரல் பலமா, முழுப் பலமா?

ஃபிட்டிங் தயாரித்தவர் கொடுத்த அளவு இருந்தால் டார்க் ரெஞ்சில் அதையே வையுங்கள். இல்லையென்றால் நட்டை விரலால் கடைசிவரை ஏற்றுங்கள். கூம்பும் முகமும் சந்திப்பது விரலுக்கே தெரியும். அங்கிருந்து அறுகோணத்தின் ஒரு பக்க அளவு, அதாவது ஆறில் ஒரு சுற்று திருப்பிச் சோதித்துப் பாருங்கள். தேவைப்பட்டால் மட்டும் இன்னும் கொஞ்சம்.

எப்போதும் இரண்டு ஸ்பேனர். ஒன்று அடாப்டரை அசையாமல் பிடிக்க, மற்றொன்று நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரால் திருப்பினால் ஹோஸும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு அதிர்வில் மெல்ல அவிழும்போது நட்டையும் தளர்த்திவிடும்.

பின்னல் எஃகுதானே, எதன்மேல் உரசினால் என்ன?

அது உரசினால் தேய்வது அது அல்ல, எதிரில் இருப்பது. எஃகுப் பின்னல் ஓர் அரம். அலுமினியக் குழாயையும் ஒயரின் மேலுறையையும் பெயின்டையும் அறுத்துவிடும். ஒயரை அறுத்தால் எஃகு மின்சாரத்தையும் கடத்தும். ஸ்டார்ட்டர் முனைக்குப் பக்கத்தில் பின்னல் ஹோஸைக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ரப்பர் வைத்த வளையக் கிளிப்புகளால் ஆங்காங்கே பிடித்துவையுங்கள்.

நீளத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். எஞ்சின் தன் ரப்பர்த் தாங்கிகளில் ஆடும். அழுத்தம் ஏறும்போது ஹோஸின் நீளமும் சற்று மாறும். இழுத்துக் கட்டிய ஹோஸ் அந்த ஆட்டத்தை எல்லாம் ஃபிட்டிங்கின் கழுத்தில் இறக்கும். நேராகப் போக இடமில்லை என்றால் ஹோஸை ஒடித்து வளைக்காமல் 45 அல்லது 90 டிகிரி முனை வாங்குங்கள்.

கசிவு இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, பம்ப் சில விநாடி ஓடியதும் அணையுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதக் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும். அதன் பிறகே எஞ்சின். நன்றாகச் சூடான பிறகு ஒருமுறை, முழுதும் ஆறிய பிறகு ஒருமுறை, ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஒருமுறை பாருங்கள். சூட்டில் விரிந்து மறைந்த கசிவு குளிரில் வெளியே வரும்.

இறுக்க இறுக்க ஒரு சொட்டு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. இன்னும் இறுக்கவா?

வேண்டாம், கழற்றுங்கள். சரியான இணைப்பு ஆறில் ஒரு சுற்றில் அடைத்திருக்கும். அடைக்கவில்லை என்றால் அடைக்கும் முகத்தில் ஏதோ இருக்கிறது.

கூம்பின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நல்ல கூம்பில் எதிர்முகம் உட்கார்ந்த தடம் முழு வட்டமாக, பளபளவென்று ஓடும். ஓரிடத்தில் வட்டம் அறுந்திருந்தால், அதுதான் சொட்டு வரும் வாசல்: ஒரு கீறல், ஒரு மணல் துகள், பழைய டேப்பின் இழை. சிறு கீறலுக்கு மென்மையான கூம்பு வாஷர்கள் கிடைக்கின்றன. ஆழமான கீறல் என்றால் ஃபிட்டிங்கை மாற்றுங்கள். ஓ-ரிங் வகையில் கசிந்தால் வளையம் என்ன பொருள் என்று விசாரியுங்கள். இ.பி.டி.எம். ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும், விட்டான் என்ற ரப்பர் வகை தாங்கும்.

நட்டின் பக்கத்தில் வராமல், சாக்கெட்டின் வாயில் பின்னலிலிருந்து ஊறினால் அது கூம்பின் குறை அல்ல. ஹோஸ் உள்ளே சரியாக உட்காரவில்லை. பேனாக் கோடு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஆனால் வேகம் எடுத்தால் எஞ்சின் திணறுகிறது.

இதில் நானே ஒரு வாரம் தவித்திருக்கிறேன். பம்ப் மாற்றினேன், ஃபில்டர் மாற்றினேன். ஐடிலில் அருமையாக ஓடும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் மூச்சுத் திணறும். கடைசியில் ஹோஸைக் கழற்றி ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் எட்டிப் பார்த்தேன். வட்டமாகத் தெரிய வேண்டிய வெளிச்சம் பிறைபோலத் தெரிந்தது. எண்ணெய் தடவாமல் திருகிய நிப்பிள் உட்புற ரப்பரைச் சீவி, ஒரு நாக்குபோல மடக்கிவிட்டிருந்தது. கொஞ்சமாகப் பெட்ரோல் போகும்போது அந்த நாக்கு படுத்திருந்தது. நிறையப் போகும்போது எழுந்து துளையை மறித்தது.

அன்றிலிருந்து எந்த ஹோஸையும் வண்டியில் ஏற்றும் முன் வெளிச்சம் பார்க்காமல் விடுவதில்லை. 90 டிகிரி முனை என்றால் வெளிச்சம் தெரியாது. முனைக்குள் தடையில்லாமல் போகும் அளவுள்ள ஒரு சிறு எஃகுக் குண்டை உருட்டிப் பாருங்கள், மறுபக்கம் வந்து விழ வேண்டும்.

கசிவும் இல்லை, ஓட்டமும் நன்றாக இருக்கிறது. ஆனால் வண்டியை மூடிவைத்தால் பெட்ரோல் வாசனை.

உலர்ந்த சுத்தமான துணியால் ஹோஸை அதன் முழு நீளத்துக்கும் துடைத்து முகர்ந்து பாருங்கள். துணியில் வாசனை ஏறினால் ஆவி ரப்பர் சுவர் வழியாக வருகிறது. எந்த ஃபிட்டிங்கை இறுக்கினாலும் அது நிற்காது. மேலே சொன்ன டெஃப்லான் வகைக்கு மாறுவதுதான் வழி. துணியில் ஒன்றும் இல்லையென்றால் ஹோஸை விட்டுவிட்டு டேங்க் மூடி, காற்றுப்போக்குக் குழாய் பக்கம் தேடுங்கள்.

பழைய ஃபிட்டிங்கைக் கழற்றிப் புது ஹோஸில் போடலாமா?

திருகிப் பொருத்தும் வகை என்றால் போடலாம், அவை அதற்காகவே செய்யப்பட்டவை. சாக்கெட்டுக்குள் மிச்சமிருக்கும் கம்பித் துண்டுகளைப் பொறுமையாக நோண்டி எடுங்கள். மரையையும் கூம்பையும் கழுவி, முன்பு சொன்ன வட்டத் தடத்தைப் பாருங்கள். ஆலிவ் மட்டும் ஒருமுறைக்குத்தான்; ஒருமுறை நசுங்கியது இரண்டாம் முறை பிடிக்காது, புதிதாக வாங்குங்கள். ஹோஸ் பழையதாகவே இருந்து ஃபிட்டிங்கை மட்டும் கழற்றி மாட்டுவதென்றால், ஏற்கெனவே பிடிபட்டிருந்த பகுதியை முழுதாக வெட்டிவிட்டு உள்குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். விறைத்திருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ ஹோஸையே மாற்றிவிடுங்கள்.